எந்த வால்வு?

சென்ற இதழில் ஓய்வுபெற்ற பொறியியல் பேராசிரியர் ஒருவர் எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தில் படித்து எங்காவது அவருக்கு அநியாயம் செய்துவிட்டேனோ என்று மறுபடியும் படித்தேன். கோபம் கூடியது. பொறியியல் மாணவர்களுக்கு இலக்கணமும் எழுத்துப் பயிற்சியும் சொல்லிக்கொடுப்பது வீண், அந்த மணிநேரங்களைப் பிடுங்கி நிரல் எழுதக் கற்றுக்கொடுங்கள் என்கிறார். பொறியாளனின் மொழி எண்ணும் வரைபடமும்தானாம். பன்னிரண்டு ஆண்டு பள்ளியில் வராத இலக்கணம் கல்லூரியில் வரப்போவதில்லையாம். இனி எழுத்து வேலையைச் செயற்கை நுண்ணறிவே பார்த்துக்கொள்ளுமாம். கடைசியாக, தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் கிராமத்து மாணவனை இலக்கணத்தால் வதைப்பது அநீதியாம்.

முதல் மூன்றும் தவறு. நான்காவது தீங்கு. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. இதே கருத்தைப் பாடத்திட்டக் கூட்டங்களில் பல வாய்களிலிருந்து கேட்டவன் நான், எனவே என் பதில் அவருக்கு மட்டும் உரியதில்லை.

கல்லூரிக்குப் பாடம் நடத்த வருவதற்கு முன் பதினொரு ஆண்டுகள் கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் சர்வீஸ் இன்ஜினியராக இருந்தேன். சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஓர் ஆலையில் புதிதாக நிறுவிய பம்புக்கு இயக்கக் குறிப்பு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. மோட்டாருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுவதற்கு, தமிழில், ஒரு தாள். அதன் நான்காவது வரி இது: ‘பம்பை ஓட்டும் முன் வால்வு மூடியிருக்க வேண்டும்.’ சென்ட்ரிஃப்யூகல் பம்ப் தெரிந்தவர்களுக்கு நான் என்ன சொல்ல வந்தேன் என்று புரியும். டெலிவரி வால்வை மூடிவைத்து ஓட்டினால் மோட்டாருக்குச் சுமை குறைவு. வேகம் பிடித்த பிறகு மெதுவாகத் திறந்துவிட வேண்டும். ஆனால் பம்புக்கு இரண்டு பக்கமும் வால்வு உண்டு. உறிஞ்சும் பக்கத்து சக்‌ஷன் வால்வு முழுக்கத் திறந்திருந்தால்தான் உள்ளே தண்ணீர் வரும். இரவு ஷிஃப்டுக்குப் புதிதாக வந்த ஆபரேட்டர் என் தாளைப் படித்தார். இரண்டு வால்வையும் மூடினார். பட்டனை அழுத்தினார். பம்பின் தண்டோரம் நீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலின் இரண்டு முகங்களுக்கும் நடுவே நிற்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் அதைக் குளிர்விப்பது. அது இல்லாமல் ஓடிய சீல் கருகி விரிசல் விட்டது.

மறுநாள் காலை நான் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு மெமோ தயாராகிக்கொண்டிருந்தது. என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். தாளைச் சுவரிலிருந்து கழற்றிக் கையில் வைத்திருந்தார். “எந்த வால்வுன்னு எழுதலீங்களே சார்” என்றார். குரலில் குற்றச்சாட்டுகூட இல்லை, கேள்வி மட்டும்தான். நான்கு ஆண்டு நான் படித்த ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் சரியாகத்தான் இருந்தது. கணக்கு சரி. வரைபடம் சரி. பம்பைத் தேர்ந்தெடுத்ததும் சரி. வால்வு என்ற சொல்லுக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய ஓர் அடைச்சொல் இல்லை. மேலாளரிடம் போய், தவறு என் வரியில்தான் என்று எழுதிக் கொடுத்து மெமோவை நிறுத்தினேன். அன்றைக்கு என் கையிலிருந்த பட்டம் முதல் வகுப்புப் பட்டம்.

எண் பேசும் என்கிறாரே பேராசிரியர், எண் எப்போது தனியாக நின்று பேசியிருக்கிறது? ‘வெப்பநிலையை 50 டிகிரி உயர்த்தவும்.’ ‘வெப்பநிலையை 50 டிகிரிக்கு உயர்த்தவும்.’ சாயத் தொட்டி 40 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியைப் படித்தவர் 90 வரை கொண்டுபோவார். இரண்டாவதைப் படித்தவர் 50 இல் நிறுத்துவார். இரண்டிலும் எண் அதே 50. நடுவில் நிற்பது ‘கு’ என்ற நான்காம் வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் இதே வேலையை ‘பை’, ‘டு’ என்ற இரண்டு குட்டிச் சொற்கள் செய்கின்றன. பள்ளியில் ஐ, ஆல், கு என்று ஒப்பித்தோமே, அது ஒரு சாயத் தொட்டியின் சூட்டை முடிவு செய்கிறது. இதை அலங்காரம் என்று எழுதுகிறவர் தொட்டியின் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்துபோனது. தரையில் ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது. அதைப் பெற்றுக்கொண்ட இன்னொரு மென்பொருள் நியூட்டன் அலகாக எடுத்துக்கொண்டது. எண்கள் ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தன. எதன் எண்கள் என்பதைச் சொல்லும் பெயர்ச்சொல் தவறிப்போனது.

இதைவிட வலிக்கும் சான்று ஒன்று உண்டு. 2003 ஜனவரி 16 அன்று கிளம்பிய கொலம்பியா விண்ணோடத்தின் இடது இறக்கையில், எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு மோதியது. விண்ணோடம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் சேதத்தை மதிப்பிட்டு நாசா அதிகாரிகளுக்கு பவர்பாயிண்ட் பக்கங்களாகக் கொடுத்தார்கள். அவற்றில் ஒரு பக்கம் பின்னாளில் விசாரணைக் குழுவின் அறிக்கையிலேயே இடம்பெற்றது. பக்கத்தின் தலைப்பு, இருக்கிற சோதனைத் தரவுகள் பாதுகாப்பான பக்கமாகவே சாய்கின்றன என்று படிப்பவர் நினைக்கும்படி இருந்தது. அதற்குக் கீழே உள்தள்ளி உள்தள்ளிப் பல படிகளில் குறிப்புகள். ‘குறிப்பிடத்தக்க’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் ஒரே பக்கத்தில் ஐந்து முறை, ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு அளவைக் குறித்து வந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, பொடி எழுத்தில், உண்மை இருந்தது: சோதனையில் அடித்துப் பார்த்த துண்டு 3 கன அங்குலம், இறக்கையில் மோதியதோ 1920 கன அங்குலம். அறுநூற்று நாற்பது மடங்கு.

பேராசிரியர் கவனிக்க வேண்டும். எண் இருந்தது. சரியான எண் இருந்தது. அதைச் சொல்ல வேண்டிய வாக்கியம் எழுதப்படவில்லை. ‘நாம் சோதித்ததைவிட 640 மடங்கு பெரிய துண்டு மோதியிருக்கிறது, ஆகவே நம் சோதனை இந்த மோதலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை’ என்று எழுவாயும் பயனிலையும் உள்ள ஒரு வாக்கியம் தலைப்பில் இருந்திருக்க வேண்டும். பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் கொலம்பியா சிதறியது. அந்த விபத்துக்கு அந்த ஒரு பக்கம் மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அமைப்பின் நோய்கள் பல இருந்தன. ஆனால் 2003 ஆகஸ்டில் வந்த விசாரணை அறிக்கை, முறையான தொழில்நுட்பக் கட்டுரைக்குப் பதிலாக இப்படிப் பக்கங்களைக் காட்டிப் பழகியதைக் குறையாகவே எழுதி வைத்தது. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் கொலம்பியா சிதறியது. இறந்த ஏழு பேரில் ஒருவர் கல்பனா சாவ்லா, சண்டிகரின் பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் விமானப் பொறியியல் படித்தவர். நம் நாட்டுப் பொறியியல் வகுப்பறை ஒன்றில் உட்கார்ந்திருந்த பெண். இந்தச் செய்தியைத் தெரிந்துகொண்டே ஒருவர் ‘எழுத்து பொறியாளனின் வேலை இல்லை’ என்று எழுதினால் அதை என்னால் மன்னிக்க முடியாது. தெரியாமல் எழுதியிருந்தால், இத்தனை ஆண்டு கற்பித்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

சேலஞ்சர் விண்ணோட விபத்தை அவரே இழுத்திருக்கிறார். அதன் ராக்கெட்டிலிருந்த ரப்பர் வளையம் பற்றிப் பொறியாளர் ரோஜர் போய்ஸ்ஜோலி தெளிவாகத்தானே எழுதினார், எழுதியும் யார் கேட்டார்கள் என்கிறார். ஆம், 1985 ஜூலை 31 தேதியிட்ட அந்தக் குறிப்பு தெளிவானது. உயிர்ப்பலி நேரலாம் என்பதைப் பூசி மெழுகாமல் சொன்னது. மேலதிகாரிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1986 ஜனவரி 28 அன்று ஏழு பேர் இறந்தார்கள். ஆனால் விசாரணை வந்தபோது, ‘எங்களுக்கு யாரும் சொல்லவில்லை’ என்று ஒருவராலும் தப்பிக்க முடியாமல் தடுத்தவை போய்ஸ்ஜோலியைப் போன்றவர்கள் எழுதி வைத்த தாள்கள்தான். கேட்காதவன் குற்றத்தை எழுதியவன் தலையில் கட்டி, ஆகவே எழுதவே வேண்டாம் என்பது எந்த ஊர் தர்க்கம்?

இலக்கணம் என்றால் எழுத்துப்பிழை பார்ப்பது என்ற நினைப்பில்தான் அவர் கட்டுரை முழுவதும் ஓடுகிறது. கான்கிரீட் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 456 ஐ இத்தனை ஆண்டு நடத்தியவர்களுக்குத் தெரியும், அந்த நெறிநூலில் ‘ஷல்’ என்று வந்தால் கட்டாயம், ‘ஷுட்’ என்றால் பரிந்துரை, ‘மே’ என்றால் அனுமதி. மூன்றும் துணைவினைகள். ஒப்பந்தக்காரருக்கும் துறைக்கும் வழக்கு வந்தால் தீர்ப்பு இந்தத் துணைவினையில் தொங்கும். பேராசிரியர் போற்றும் கணினி உலகமும் இப்படித்தான். இணைய நெறிமுறைகளை எழுதுகிறவர்கள் இந்தத் துணைவினைகளுக்கு என்ன பொருள் என்று வரையறுப்பதற்கென்றே 1997 மார்ச்சில் தனி ஆவணம் ஒன்றை வெளியிட்டார்கள். ஆர்.எஃப்.சி. 2119 என்று எண்ணிட்ட அதை நெறிமுறை எழுதுகிறவர்கள் இன்றும் சுட்டுகிறார்கள். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கு ஏ.எஸ்.டி.-எஸ்.டி.இ.100 என்ற எளிய ஆங்கில விதித்தொகுப்பு உண்டு. செய்முறை வாக்கியத்தில் 20 சொல்லுக்கு மேல் கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். ‘ஃபாலோ’ என்றால் பின்னால் வருவது என்று மட்டுமே பொருள், விதிக்குக் கட்டுப்படுவது என்ற பொருளில் எழுதக் கூடாது. இறக்கைக்குக் கீழே ஸ்பானரோடு நிற்பவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் ஒரே மாதிரி புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகப் பொறியாளர்கள் சேர்ந்து உருவாக்கிய இலக்கணம் அது. நிரல் வேண்டும், இலக்கணம் வேண்டாம் என்பவர், நிரலில் ஓர் அரைப்புள்ளி தவறினால் என்ன ஆகும் என்று தம் மாணவர்களைக் கேட்டுப் பார்க்கட்டும்.

தமிழில் நிலைமை இன்னும் நுட்பமானது. ‘சென்ட்ரிங் நாளைக்குப் பிரிக்கலாம்.’ சைட் இன்ஜினியர் ஒருவர் மேஸ்திரிக்கு அனுப்பும் இந்த மாதிரி வாட்ஸாப் செய்தியை நாள்தோறும் பார்க்கலாம். இது அனுமதியா? யோசனையா? நாளைக்குள் தயாராகிவிடலாம் என்ற ஊகமா? நம் ‘லாம்’ மூன்றையும் தாங்கும். மேஸ்திரி தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார். சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டில் போட்ட ஸ்லாபின் தாங்கு இடைவெளி 4.5 மீட்டர் வரை என்றால் முட்டுகளை 7 நாளும், அதற்கு மேல் என்றால் 14 நாளும் விட்டுவைக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. அந்த விதி சைட்டில் ஒரு ‘லாம்’ வழியாகத்தான் உயிரோடு இருக்கிறது, அல்லது சாகிறது. ‘வடக்கு ஹால் ஸ்லாப்பின் முட்டுகளை 18 ஆம் தேதிக்கு முன் எடுக்கக் கூடாது’ என்று எழுத ஒருவனுக்குக் கற்றுக்கொடுப்பதை வதை என்கிறாரா பேராசிரியர்?

பள்ளியில் பன்னிரண்டு ஆண்டு படித்தும் வரவில்லையே என்பது அடுத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் படித்தது என்ன? செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்று, கோடிட்ட இடத்தை நிரப்பு, மழைநீர் சேகரிப்பு பற்றிக் கட்டுரை எழுது. இயந்திரம் ஒன்றைப் பார்த்து, அது எப்படி ஓடுகிறது என்று, பார்க்காத ஒருவருக்குப் புரியும்படி எழுதச் சொன்ன பள்ளி எத்தனை? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு வரும் மாணவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களும் பட்டம் வாங்க எழுத்தையும் பேச்சையும் மையமாகக் கொண்ட நான்கு பாடங்களை முடித்தாக வேண்டும், அவற்றில் இரண்டு அவரவர் துறைக்குள்ளேயே. தாய்மொழியில் எழுதுகிறவனுக்கே கல்லூரி இவ்வளவு கற்றுக்கொடுக்கும்போது, நம் மாணவனுக்கு மட்டும் ஏன் பள்ளியோடு கதவைச் சாத்த வேண்டும்? பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்பாட்டில் 2014 ஜூனில் இந்தியா முழு உறுப்பினரானது. பொறியியல் பட்டதாரிக்கு இருக்க வேண்டிய தகுதிகளில் அறிக்கையும் வடிவமைப்பு ஆவணமும் எழுதத் தெரிவதும் ஒன்று என்று ஒப்புக்கொண்டுதான் கையெழுத்திட்டோம்.

ஓர் இடத்தில் அவர் சொல்வதை மறுக்க மாட்டேன். இப்போது கற்பிக்கும் விதம் கேவலமாக இருக்கிறது. ‘எட்டு அறிவுறுத்தல்கள் எழுதுக’, ‘எட்டுப் பரிந்துரைகள் எழுதுக’ என்று கேட்போம். தீ விபத்தைத் தவிர்க்க எட்டு, சாலைப் பாதுகாப்புக்கு எட்டு என்று மனப்பாடம் செய்து வந்து இறக்கிவைப்பார்கள். தொழிற்சாலையைப் பார்க்க அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுவார்கள், பார்த்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்ல மாட்டோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் ஆங்கிலத் தாளுக்கு முதல் பருவத்தில் 3 கிரெடிட், இரண்டாம் பருவத்தில் 2. ஆய்வக வகுப்பு தனி. அதோடு சரி. மாணவனுக்குத் தன் துறையைப் பற்றி எழுத ஏதாவது தெரியவரும் மூன்றாம் ஆண்டில், கட்டாய எழுத்துத் தாள் எதுவும் இல்லை. நேராக இறுதியாண்டு பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் கொண்டுபோய்த் தள்ளுகிறோம். அவன் சீனியரின் ரிப்போர்ட்டை நகலெடுக்கிறான். நோய் இது. பேராசிரியர் நோயைச் சரியாகப் பார்த்துவிட்டு, நோயாளியைப் புதைக்கச் சொல்கிறார்.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் என்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் நான்காவது வரியை அதனிடம் கொடுத்திருந்தால், ‘பம்பை இயக்குவதற்கு முன்பாக வால்வு முறையாக மூடப்பட்டிருப்பதை உறுதி செய்யவும்’ என்று பளபளவென்று திருப்பித் தந்திருக்கும். எந்த வால்வு என்று அந்த ஆலையின் குழாய் வரிசையைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். பொதுவாக டெலிவரி வால்வுதான் என்று அது ஊகித்துச் சரியாகவே எழுதலாம். ஊகித்தது சரியா என்று பார்க்கிற கண் யாருடையது? இலக்கணம் படிக்காத கண்ணுக்கு வழுவழுப்பான வாக்கியம் எல்லாமே சரியாகத்தான் தெரியும். முன்பு மோசமாக எழுதிய ரிப்போர்ட் மோசமாகவே இருந்தது, படித்தவர் சந்தேகப்பட்டுக் கேட்டார். இப்போது விஷயமே இல்லாத ரிப்போர்ட்டும் அழகாக வருகிறது. வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கும் திறன் முன்னைவிட இன்றுதான் அதிகம் தேவை.

இலக்கணம் வெள்ளைக்காரன் விட்டுப்போன சுமை என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு நூலுக்கு வரக் கூடாத குற்றங்கள் பத்து, இருக்க வேண்டிய அழகுகள் பத்து என்று வகுத்து வைத்தார். அது கவிதைக்குச் சொன்னதில்லை, அறிவைச் சொல்லும் நூலுக்குச் சொன்னது. வேண்டியதைவிடக் குறைவாகச் சொல்வது குன்றக் கூறல்: என் வால்வு வரி. முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது மாறுகொளக் கூறல்: தலைப்பு ஒன்றும் கடைசி வரி ஒன்றும் சொன்ன கொலம்பியாப் பக்கம். இதுவா அதுவா என்று படிப்பவரைத் திணற வைப்பது மயங்க வைத்தல்: ‘பிரிக்கலாம்.’ மூன்றாம் ஆண்டு வகுப்பில் இந்தப் பெயர்களைப் பலகையில் எழுதி, அவர்களுடைய லேப் ரெக்கார்டுகளிலிருந்தே ஒவ்வொன்றுக்கும் உதாரணம் எடுக்கச் சொல்வேன். அரை மணி நேரத்தில் பலகை நிறைந்துவிடும். தொழில்நுட்ப எழுத்துக்கு இதைவிடக் கச்சிதமான பாடத்தை நான் எந்த ஆங்கிலப் பாடநூலிலும் பார்க்கவில்லை. நம் வீட்டுச் சொத்தை அடுத்தவன் சுமை என்று தூக்கி எறியச் சொல்ல இவருக்கு எப்படி மனம் வந்தது?

இப்போது அந்த நான்காவது வாதம். கிராமத்து மாணவனை வதைக்காதீர்கள்.

கருணை போலத் தோன்றும் இந்தப் பேச்சு அந்த மாணவனை ஆயுள் முழுவதும் கீழே உட்கார வைக்கும் பேச்சு. நகரத்து ஆங்கிலப் பள்ளியிலிருந்து வருகிறவன் கல்லூரி சொல்லித்தராவிட்டாலும் எப்படியோ எழுதிவிடுவான். வீட்டில் புத்தகம் இருக்கிறது, அப்பா அலுவலகத்தில் மின்னஞ்சல் எழுதுகிறார். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு கல்லூரி வகுப்பு ஒன்றுதான் வழி. அதை மூடினால் யாருக்கு நட்டம்? சைட்டில் வேலை செய்கிறவன் ஒருவனும், அந்த வேலையைப் பற்றி அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே போகிறவன் ஒருவனுமாக ஆகிவிடுவதைப் பதினொரு ஆண்டுகள் என் கண்ணால் பார்த்தேன். கணக்கில் கெட்டிக்காரன் முதலாமவனாகவே இருந்ததையும் பார்த்தேன்.

தமிழ்வழி மாணவனுக்கு இலக்கணம் வராது என்பதே பொய். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள், வேற்றுமை என்று வரிசையாகச் சொல்லக்கூடியவன் வகுப்பில் அவன்தான். ஆங்கிலவழி மாணவர்களில் பலருக்கு வாக்கியத்தின் எழுவாயைக் காட்டத் தெரியாது. அவனிடம் இருக்கிற கருவியைப் பயன்படுத்தச் சொல்லாமல், உன்னிடம் கருவியே இல்லை என்று இத்தனை நாளாகச் சொல்லிவந்தது நம் குற்றம். 2010 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்வழியில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. தமிழில் எழுதத் தெரிந்த பொறியாளர் ஆங்கிலத்தில் தோற்பார் என்பதற்கும் சான்று இல்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்தபோது, நம் விமானத்தை நாமே கட்டுவோம் என்ற பொருளில் தமிழில் கட்டுரை எழுதி, அங்கிருந்த தமிழ்ச் சங்கப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவர் அப்துல் கலாம். நீரியல் பொறியாளரான வா.செ. குழந்தைசாமி, குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதையும் எழுதினார், அண்ணா பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகவும் இருந்தார், ‘வாழும் வள்ளுவம்’ நூலுக்கு சாகித்திய அகாடமி விருதும் பெற்றார்.

பெரியவர்களை விடுங்கள். போன ஆண்டு என் மூன்றாம் ஆண்டு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். தருமபுரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த மாணவன். கான்கிரீட் லேப் ரெக்கார்டில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதியிருந்தான். தமிழில் சொன்னால், ‘கியூப்கள் சோதிக்கப்பட்டன. வலிமை திருப்திகரமாக இருந்தது.’ எழுத்துப்பிழை இல்லை. சீனியர் ரெக்கார்டிலிருந்து வந்த வரிகள். “யார் சோதிச்சது தம்பி? எத்தனை கியூப்? எத்தனாவது நாள்? திருப்தி யாருக்கு?” என்று கேட்டேன். “தமிழ்ல எழுதட்டுங்களா சார்?” என்றான். எழுது என்றேன். செயப்பாட்டு வினையைக் கைவிடச் சொன்னேன், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் வேண்டும் என்றேன். அவ்வளவுதான் நான் சொன்ன இலக்கணம்.

அவன் எழுதினான்: ‘எம்25 கான்கிரீட்டில் 150 மி.மீ. கியூப் மூன்று வார்த்தோம். 28 ஆம் நாள் நானும் என் குழுவும் நசுக்கிப் பார்த்தோம். மூன்றின் வலிமையும் முறையே சதுர மி.மீ.க்கு 31.2, 29.8, 23.4 நியூட்டன். சராசரி 28.1.’ அங்கே பேனா நின்றது. கால்குலேட்டரை எடுத்தான். மூன்றாவது கியூப் சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகியிருந்தது. அப்படி விலகினால் அந்த மாதிரியே செல்லாது என்பது அவன் படித்த விதி. தேர்வுக்குப் படித்திருக்கிறான், ‘திருப்திகரம்’ என்ற சொல்லுக்குள் அது மறைந்துகிடந்தது. கடைசி வரியாக எழுதினான்: ‘ஆகவே இந்தச் சோதனையை ஏற்க முடியாது. மறுபடியும் வார்க்க வேண்டும்.’ பிறகு அதை ஆங்கிலத்தில் எழுத அவனுக்கு இருபது நிமிடம் பிடித்தது. ‘அட்’ வர வேண்டிய இடத்தில் ‘இன்’ போட்டிருந்தான், திருத்தினேன். ஆனால் அது பொறியாளர் எழுதிய அறிக்கை.

கணக்கு அவன் கையில் முன்பே இருந்தது. தவறைக் காட்டியது வாக்கியம். இதைத்தான் வதை என்கிறார் பேராசிரியர்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஐந்தாம், ஆறாம் பருவங்களில் தலா ஓர் எழுத்துத் தாள் வையுங்கள். அதைத் துறை ஆசிரியரும் மொழி ஆசிரியரும் சேர்ந்து திருத்தட்டும். தமிழிலும் எழுத அனுமதியுங்கள். லேப் ரெக்கார்டில் ‘திருப்திகரம்’ என்ற சொல்லுக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். பாடத்திட்டக் குழுவில் இருக்கிற ஆசிரியர்களே, அடுத்த கூட்டத்தில் மொழித் தாளின் கிரெடிட்டைக் குறைக்கும் தீர்மானம் உங்கள் முன் வந்தால், இந்தக் கட்டுரையில் இருக்கிற பம்பையும் கியூபையும் எடுத்துச் சொல்லி எதிர்த்து வாக்களியுங்கள்.

பேராசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். எண், பள்ளி, மென்பொருள் பற்றி நீங்கள் எழுதியதை வாதம் என்று விட்டுவிடுகிறேன். கிராமத்து மாணவனுக்கு இது வேண்டாம் என்று எழுதிய வரியைத் திரும்பப் பெறுங்கள் ஐயா. அவன் அதை உங்களிடம் கேட்கவில்லை.